வாவிக்கரையில் உளவளத்துணை

மட்டக்களப்புப் பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரு கூறாக வகுப்பது அதன் வாவியாகும். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போர், அவ்வியற்கைப் பிரிவினைக் காவலரண்களின் பிரிவாக மாற்றிற்று. அக்காலத்தே பலர் காணாமற்போயினர். இறந்தோர்க்குரிய கிரியைகளைச் செய்யவும் மனமின்றி, உயிரோடுளர் என நம்பவும் வழியின்றி அவர்தம் உறவினர் தவித்தனர்.

இத்துயரை முதலிற் செவிமடுத்த இடங்களுள் அம்மன் கோயில்கள் குறிப்பிடத்தக்கவை. தெய்வமாடுவோரிடம் தாய்மார் தம் மக்களைப் பற்றி வாக்குக் கேட்டனர். வெளியிற் கூற அஞ்சியதை அச்சந்நிதியிற் கூற முடிந்தது. 1990களில் இங்குக் கள ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பிறிதொரு மரபினின்று இப்பணிக்கு வந்தவர் யேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமாகிய போல் சற்குணநாயகம் அடிகளார். அவர்தம் சபையும் இவ்விழப்பை அறிந்ததே. அச்சபையைச் சேர்ந்த அமெரிக்கரான யூஜின் ஹேபேட் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15ஆந் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற்போனார்.

உளவளத்துணை என்பது அறிவுரை கூறுதலன்று. சபையின் நிறுவுநர் இஞ்ஞாசியார் இயற்றி, 1548இல் அச்சேறிய ஆன்மிகப் பயிற்சி நூல், வழிகாட்டுபவர் துலாக்கோல் போல் எப்பக்கமும் சாயாதிருத்தல் வேண்டுமென்கின்றது. நானூறு ஆண்டுகளின் பின்னர் அமெரிக்க உளவியலாளர் கால் றொஜர்ஸ், நாடி வந்தவரே தம் வழியைக் காண்பர். துணைவர் பரிவோடு செவிமடுத்தலே போதும் என வற்புறுத்தினார். அடிகளார் சார்ந்த சபைமரபும் துறைமரபும் இங்ஙனம் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றன.

1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனோடு இணைந்து அடிகளார் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் சிறுவரை ஒருங்கே வரவேற்றது. ஆயினும் அது சிறுவர்க்கு மட்டும் உரியதாய் அமைந்ததன்று. அங்குத் துணைநின்ற வளர்ந்தோர் இரு சமூகத்தவர். அவருட் பலர் தாமும் போரின் வடுக்களைச் சுமந்தவர். பிறர் துயரைக் கேட்க முற்படுவோர் தம் துயரையும் எதிர்கொள்ளல் வேண்டும் என்பது இத்துறையின் முதற்பாடமாகும்.

போர் 2009இல் முடிவுற்றது. காணாமற்போனோர்க்கான அலுவலகம் 2016இல் சட்டமாக்கப்பட்டது. எனினும் தாய்மாரின் வினாவிற்கு விடை கிட்டவில்லை. கோயிலில் வாக்கேனும் கிடைக்கின்றது. உளவளத்துணையாளரிடம் அதுவும் இல்லை. விடையற்ற வினாவோடு வருபவரைத் தனியே விடாது உடனிருத்தலே அவர் செய்யத்தக்கது. வாவிக்கரை வரலாற்றில் அப்பணியும் இடம்பெறற்பாலதாம்.