டூப்ளேயின் கட்டில்

ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டுத் தேக்குக் கட்டிலை யார் செய்தது என்று கேட்டால், ஆசாரியின் பேர், ஊர், எத்தனை நாள் வேலை பார்த்தார் என்பது வரை அம்மா சொல்லிவிடுவாள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கட்டிலுக்கோ அதில் படுத்தவரின் பேர்தான் தெரியும். டூப்ளே. 1742 முதல் 1754 வரை அங்கே கவர்னர்.

செயின்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவை ஒட்டிய சின்ன மியூசியம் அது. சோழர் காலத்து வெண்கலங்களையும் அரிக்கமேட்டு மணிகளையும் பார்த்து முடித்தால் பிரெஞ்சு வீடு ஒன்றுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நாற்காலி, மேஜை, ஆளுயரக் கண்ணாடி, பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு போகும் பூஸ்பூஸ் வண்டி. பாணி பிரான்ஸுடையது, மரமும் கையும் பெரும்பாலும் நம்முடையவை. பாரிஸில் மெத்தை தைத்த இருக்கை, இங்கே பிரம்புப் பின்னல் ஆகிவிடும். நம்ம வெயிலில் மெத்தை நாற்காலியில் யார் உட்கார்வது?

கட்டிலுக்கு வருகிறேன். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டை, கவர்னர் மாளிகை என்று வெள்ளையர் பகுதியையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்ப வந்தபோது ஊரைப் புதிதாகத்தான் கட்ட வேண்டியிருந்தது. மாளிகையே போன பிறகு கட்டில் மட்டும் எப்படி? தப்பியிருக்கலாம். வீட்டைக் கழற்ற முடியாது, கட்டிலைக் கழற்றலாம். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சந்தேகமில்லாமல் தப்பியது ஒன்று இருக்கிறது. டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1738இல் கட்டிய வீடு, மார்க்கெட் பக்கம் இன்றும் நிற்கிறது. கீழே நம்மூர் மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணியில் சுண்ணாம்புத் தூண். 1736இலிருந்து அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பும் தப்பியது. கப்பல் வரவு, துணி விலை, கவர்னர் வீட்டுச் சண்டை எல்லாம் அதில் உண்டு. நகரம் விழுந்த அதே மாதம்தான் பிள்ளையும் இறந்தார்.

1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்கள் வந்து முறையிட்டதும், அவராலேயே தடுக்க முடியாமல் போனதும் அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இரண்டாம் முறை மியூசியத்துக்குப் போனேன். அன்றைக்கு ராத்திரியும் டூப்ளே ஏதோ ஒரு கட்டிலில் படுத்திருப்பார், இதுவோ வேறொன்றோ. தூங்கினாரா என்று பிள்ளைக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும்.