டிண்டோ (பேருந்து)

டிண்டோ, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான அடிலெய்டில், அந்நகர மாநகராட்சி 2007-இல் அறிமுகப்படுத்திய மின்சாரப் பேருந்து. சூரிய மின்சாரத்தால் மின்னேற்றப்படும் உலகின் முதல் முழு மின்சாரப் பேருந்தாக இது அறியப்பட்டது. அடிலெய்டு சமவெளியின் பூர்வகுடிகளான கௌர்னா மக்களின் மொழியில் ‘டிண்டோ’ என்றால் சூரியன்.

வண்டியின் அமைப்பு

நியூசிலாந்தின் டிசைன்லைன் நிறுவனம் இதை உருவாக்கியது. சுமார் 40 பேர் பயணம் செய்ய முடிந்தது. சக்கர நாற்காலிக்கும் இடம் இருந்தது. சோடியம், நிக்கல் குளோரைடு ஆகியவற்றால் ஆன 11 ‘சீப்ரா’ மின்கலத் தொகுதிகள் வண்டியை இயக்கின. இவற்றின் உட்பகுதி சுமார் 300 டிகிரி செல்சியசில், உள்ளிருக்கும் உப்பு உருகிய நிலையில் வேலை செய்தது. வெப்பம் கடத்தாத உறை சூழ்ந்திருந்ததால், வெளியே 40 டிகிரியைத் தாண்டும் அடிலெய்டு கோடை இவற்றைப் பாதிக்கவில்லை. ஆனால், வண்டி சும்மா நிற்கும்போதும் அந்தச் சூட்டைக் காக்க மின்சாரம் செலவானது. பிரேக் பிடிக்கையில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வீணாகும் ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பியது. ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 200 கி.மீ. ஓடியது.

மின்சாரம்

பேருந்தின் மேல் சூரியத் தகடுகள் இருக்கவில்லை. அவை பிராங்க்ளின் தெருவிலுள்ள மத்தியப் பேருந்து நிலையத்தின் கூரையில் இருந்தன. ஆண்டுக்குச் சுமார் 70,000 யூனிட் தரும் வகையில் அமைக்கப்பட்ட அவற்றின் மின்சாரம் பொது மின்கட்டமைப்பில் சேர்ந்தது. பேருந்து எடுத்துக்கொண்ட மின்சாரத்தை அது ஈடுசெய்தது.

இந்த ஏற்பாடே திட்டத்தின் உயிர்நாடி. அன்று போர்ட் அகஸ்டாவில் நிலக்கரி எரித்தும் அம்மாநிலத்தில் மின்சாரம் தயாரித்தார்கள். அங்கிருந்த கடைசி நிலக்கரி அனல்மின் நிலையம் 2016-இல்தான் மூடப்பட்டது. பொது மின்சாரத்தை மட்டும் நம்பியிருந்தால், நகரத் தெருவில் இல்லாமல் போன புகையின் ஒரு பங்கு தொலைதூரப் புகைபோக்கிக்கு இடம் மாறியிருக்கும்.

சேவை

நகர மையத்தையும் வடக்கு அடிலெய்டையும் இணைத்த ‘அடிலெய்டு கனெக்டர்’ தடத்தில் டிண்டோ ஓடியது. பயணச்சீட்டு கிடையாது, செலவை மாநகராட்சி ஏற்றது. 2014-இல் இச்சேவை மாநில அரசின் இலவச நகரச் சுற்றுப் பேருந்துடன் இணைக்கப்பட்டு, இரு தரப்பும் சேர்ந்து ஆதரிக்கும் சேவையானது.

முக்கியத்துவம்

பேருந்து வாங்குவது, மின்சாரம் உண்டாக்குவது, கட்டணமின்றி மக்களை ஏற்றிச்செல்வது ஆகிய மூன்றையும் ஓர் உள்ளாட்சி அமைப்பு ஒரே திட்டமாகச் செய்துகாட்டியது. கையில் காசில்லாதவரும் ஏறக்கூடிய வண்டியிலேயே புதிய தொழில்நுட்பம் முதலில் வந்தது என்பது இதன் தனிச்சிறப்பு.