எஸ்.எஸ்.டி. வேகம்: அட்டையில் அச்சிட்ட எண்ணும் அதன் வரலாறும்

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம், சுழலும் தட்டுகள் இல்லாமல் ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் கணினி உறுப்பாகும். அதன் அட்டையில் அச்சிடப்படும் வேகம் பொதுவாக, புதிதாகவும் காலியாகவும் உள்ள சேமிப்பகத்தைத் தக்க இணைப்பில் பொருத்தி, பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போதோ எழுதும்போதோ கிடைக்கும் உச்ச வேகமாகும். இந்த நிலைமைகளில் ஒன்று மாறினாலும் வேகம் குறையலாம். எது மாறியதால் குறைகிறது என்பது கடந்த காலத்தில் ஒவ்வொன்றாகவே தெரியவந்தது.

தோற்றம்

ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்றைய எஸ்.எஸ்.டி.களுக்கு அடிப்படையான நாண்ட் வகை 1987இல் வெளிவந்தது. 1988இல் எலி ஹராரி, கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் ஆகியோர் அமெரிக்காவில் சன்டிஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னாளில் இது சான்டிஸ்க் எனப் பெயர் மாறியது. இந்நிறுவனம் 1991இல் 20 மெகாபைட் கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நாண்ட் நினைவகத்துக்கு ஓர் இயல்பு உண்டு. தரவைச் சிறு பக்கங்களாக எழுதலாம். ஆனால் அழிக்கும்போது, பல பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதியை முழுவதுமாகவே அழிக்க வேண்டும். அழிக்காத பக்கத்தின்மேல் மீண்டும் எழுத முடியாது. பிற்காலத்தில் எழுந்த வேகச் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே மூலம்.

இணைப்பு என்னும் வாசல்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில் உள்ள களஞ்சியங்கள் மிகப் பெரியவை. ஆயினும் களஞ்சியம் எவ்வளவு பெரிதானாலும், ஒரு நேரத்தில் வெளியே வரும் நெல்லின் அளவை அதன் வாசலே முடிவுசெய்யும். எஸ்.எஸ்.டி.க்கு அந்த வாசல் கணினியோடு உள்ள இணைப்பு.

சாட்டா இணைப்பின் மூன்றாம் தலைமுறை விநாடிக்கு 6 கிகாபிட் வேகம் கொண்டது. அதில் தரவுக்குக் கிடைப்பது 600 மெகாபைட். நடைமுறையில் சுமார் 550. இரண்டாம் தலைமுறையில் இது ஏறத்தாழப் பாதி. தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் வன்தட்டு உள்ள மடிக்கணினிகளே பரவலாக இருந்தன. அக்காலக் கணினிகளில் இன்று எஸ்.எஸ்.டி. பொருத்தினால், அட்டையில் உள்ள எண் கிடைக்காமல் போகலாம். அது எஸ்.எஸ்.டி.யின் குறை அன்று. அப்போதும் வன்தட்டைவிடக் கணினி விரைவாக இயங்கும்.

2011இல் வெளியான என்.வி.எம்.இ. நெறிமுறை, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியாகப் பல மடங்கு வேகத்துக்கு இடமளித்தது. ஆனால் எம்.2 பொருத்துவாய்களில் சில சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். சிலவற்றில் நான்கு தடங்களுக்குப் பதில் இரண்டே இருக்கும். தடம் பாதியானால் உச்ச வேகமும் பாதியாகும். வெளிப்புற எஸ்.எஸ்.டி.யைப் பழைய யு.எஸ்.பி. 2.0 வாயில் செருகினால் விநாடிக்குச் சுமார் 40 மெகாபைட்தான் கிடைக்கும்.

2009: பயன்படுத்தியபின் தளர்ந்த வேகம்

இன்டெல் 2008இல் வெளியிட்ட எக்ஸ்25-எம் பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனால் 2009 தொடக்கத்தில், சில காலம் பயன்படுத்தியபின் அதன் வேகம் குறைவதை மதிப்பாய்வாளர்கள் கண்டறிந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் இன்டெல் ஃபர்ம்வேர் எனப்படும் உள்நிரலைத் திருத்தி வெளியிட்டது.

இதன் பின்னணியில் ஒரு பொதுச் சிக்கலும் இருந்தது. பயனர் ஒரு கோப்பை அழித்தாலும், அந்த இடம் இனித் தேவையில்லை என்பது எஸ்.எஸ்.டி.க்குத் தெரியாது. அது பயனற்ற தரவையும் சுமந்து, இடம்மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். அழிக்கப்பட்ட இடங்களைச் சேமிப்பகத்துக்கு அறிவிக்கும் 'டிரிம்' கட்டளை இதற்குத் தீர்வானது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7, 2010 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.33 ஆகியவை இதை ஆதரித்தன.

விரைவாக ஏற்கும் தற்காலிகப் பகுதி

தொடக்கத்தில் ஒரு நினைவகச் செல்லில் ஒரு பிட் மட்டுமே சேமிக்கப்பட்டது. விலையைக் குறைக்க அது இரண்டு, மூன்று, நான்கு பிட்டுகளாக உயர்ந்தது. பிட்டுகள் கூடக்கூட எழுதும் வேகம் குறைந்தது. இதை ஈடுகட்ட, செல்களில் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் இயக்கி, வரும் தரவை முதலில் அங்கே விரைவாக ஏற்கும் முறை வந்தது.

அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நெல் மூட்டைகளை நினைத்தால் இது விளங்கும். வளாகத்தில் இடம் இருக்கும்வரை மூட்டைகளை விரைவாக இறக்கலாம். இடம் நிறைந்துவிட்டால், எடைபோட்டு அப்புறப்படுத்தும் வேகத்தில்தான் அடுத்த வண்டி உள்ளே வர முடியும். ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தொடக்கத்தில் வேகமாகச் சென்று, நடுவில் சட்டெனத் தளர்வது இதனால்தான். சேமிப்பகம் நிரம்ப நிரம்ப இந்தத் தற்காலிகப் பகுதி சுருங்கும் மாதிரிகளும் உண்டு.

2014: பழைய தரவில் மட்டும் தாமதம்

சாம்சங் 2013இல் வெளியிட்ட 840 ஈவோ, புதிய கோப்புகளை விரைவாகப் படித்தது. சில மாதங்களுக்கு முன் எழுதியவற்றை மட்டும் மிக மெதுவாகப் படித்தது. காலப்போக்கில் செல்களின் மின்னேற்றம் சற்று விலகியதால், சரியான தரவைப் பெற மீண்டும் மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபரில் வந்த திருத்தம் போதாமல், 2015 ஏப்ரலில் மற்றொன்று வெளியானது. காலியான இடத்தில் நடத்தும் வேகச் சோதனை மட்டுமே போதாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சரிபார்க்கும் வரிசை

வேகம் குறைந்தால் முதலில் முக்கியத் தரவுக்கு வேறிடத்தில் நகல் எடுக்க வேண்டும். தாமதம் சில வேளைகளில் சேமிப்பகம் பழுதடைவதற்கான முன்னறிகுறியாக இருக்கும். நகல் எடுக்காமல் ஃபர்ம்வேர் திருத்தம் செய்வதும் ஆபத்து. அதன்பின் சேமிப்பகத்தின் உடல்நிலையைக் காட்டும் 'ஸ்மார்ட்' விவரங்களைப் பார்க்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருள்கள் அவற்றோடு இணைப்பு முறையையும் வெப்பநிலையையும் காட்டும்.

அடுத்து இணைப்பின் தலைமுறையும் தடங்களும், பிறகு காலி இடமும் டிரிம்மும். வெப்பம் மிகுந்தால் எஸ்.எஸ்.டி. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். எனவே காற்றோட்டமும் கவனிக்கத்தக்கது. ஆயிரக்கணக்கான சிறு படங்களை நகலெடுக்கும் வேகம், ஒரே பெரிய கோப்பின் வேகத்தை எட்டாது. மெதுவான பென்டிரைவிலிருந்து நகலெடுத்தால் அந்தப் பென்டிரைவே எல்லை.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் வேகம் மிகக் குறைவாகவே இருந்தால், உத்தரவாதத்தின்படி சேமிப்பகத்தை மாற்றக் கோருவது பொருந்தும்.