அமெரிக்கப் பழத்தோட்டத்தில் ஏமன் வெள்ளிக் காசு: ஔரங்கசீப் கப்பல் கொள்ளையின் தடயமா?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம், மிடில்டவுன் நகரில் உள்ள ஒரு பழத்தோட்டத்தில் 2014-ம் ஆண்டு மெட்டல் டிடெக்டர் கருவியுடன் தேடிய வரலாற்று ஆர்வலர் ஒருவருக்கு, கறுத்துப்போன சிறிய வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. அதே நிலத்தில் அவருக்கு ஏற்கெனவே காலனி ஆட்சிக் காலக் காசுகளும், காலணிக் கொக்கியும், துப்பாக்கிக் குண்டுகளும் கிடைத்திருந்தன. எனவே இதையும் ஸ்பானியக் காசு அல்லது மாசசூசெட்ஸ் காலனியில் அச்சிடப்பட்ட காசு என்றே முதலில் கருதினார். உற்றுப் பார்த்தபோது அதில் இருந்தவை அரபு எழுத்துகள். 1693-ல் ஏமனில் அச்சிடப்பட்ட காசு அது என்பது பின்னர் உறுதியானது.

மெட்டல் டிடெக்டரின் வேலை எளிமையானது. அதன் கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதனால் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது. உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டுவதோடு கருவியின் பணி முடிந்துவிடும். அந்த உலோகம் அங்கு எப்படி வந்தது என்பதை ஆவணங்களில்தான் தேட வேண்டும். இந்தக் காசைப் பொறுத்தவரை, அத்தேடல் சூரத் துறைமுகம் வரை நீள்கிறது.

முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்புக்குச் சொந்தமான கஞ்ச்-இ-சவாய் என்ற பெருங்கப்பல், 1695 செப்டம்பரில் செங்கடல் பகுதியிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மெக்காவுக்குப் புனிதப் பயணம் சென்று திரும்பியவர்களும், அரபு நாட்டுச் சந்தைகளில் இந்தியச் சரக்குகளை விற்ற பணமும் அதில் இருந்தன. ஃபேன்சி என்ற கப்பலில் வந்த ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் ஹென்றி எவரி அதைத் தாக்கினான். சண்டையின்போது முகலாயக் கப்பலின் பீரங்கி ஒன்று வெடித்து அதன் வீரர்களையே பலிகொண்டது. கொள்ளைபோனது 52 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பொன்னும் வெள்ளியும் என்று முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருக்கிறார். பயணிகள் சித்திரவதைக்கு ஆளாயினர்; பெண்கள் மீது வன்கொடுமைகள் நிகழ்ந்தன; மானத்துக்கு அஞ்சிச் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். கடற்கொள்ளையைச் சாகசக் கதையாகச் சொல்லும் நூல்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவதுண்டு.

செய்தி எட்டியதும் சூரத்தில் கொந்தளிப்பு ஏற்பட்டது. அங்கிருந்த ஆங்கிலேய வணிகர்கள் சிறைவைக்கப்பட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகமே ஆட்டம் கண்டது. எவரியின் தலைக்குப் பரிசுத் தொகை அறிவிக்கப்பட்டது. புனிதப் பயணக் கப்பல்களுக்குக் கடற்பாதுகாப்பு அளிக்கவும் கம்பெனி இசைய வேண்டியதாயிற்று. 1696-ல் லண்டனில் எவரியின் ஆட்கள் சிலர் விசாரிக்கப்பட்டபோது, முகலாயக் கப்பல் கொள்ளை வழக்கில் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. பிறகு, சொந்தக் கப்பலையே கலகம் செய்து கைப்பற்றிய குற்றத்துக்காக மறுபடி விசாரித்து ஐவரைத் தூக்கிலிட்டார்கள். எவரி மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.

பஹாமாஸ் தீவுகளுக்குத் தப்பி, அடிமை வணிகன் வேடத்தில் வட அமெரிக்கக் கரையோரம் அவன் பயணம் செய்தான் என்பது காசைக் கண்டெடுத்தவரின் கருத்து. எவரியின் கூட்டத்தார் பயன்படுத்திய சீ ஃப்ளவர் என்ற கப்பல் 1696-ல் அடிமைகளுடன் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்ததை அவர் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டுகிறார். மிடில்டவுன், நியூபோர்ட்டை ஒட்டியே அமைந்துள்ளது.

ஒரே ஒரு காசு கிடைத்திருந்தால் அது யாரோ ஒரு மாலுமியின் சட்டைப்பையிலிருந்து விழுந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட், வட கரோலினா ஆகிய மாநிலங்களிலும் அதே காலத்து அரபுக் காசுகள் பத்துக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. அக்காலத்தில் அமெரிக்கக் காலனிகளுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே நேரடி வணிகம் இருந்ததற்குச் சான்று இல்லை என்பதால், கொள்ளைப் பணம் என்ற விளக்கம் வலுப்பெறுகிறது.

எனினும் எவரியின் பெயரை இக்காசின் மீது முத்திரையாகக் குத்திவிட முடியாது. செங்கடலில் அவனுடன் சேர்ந்து இரை தேடிய கப்பல்களில் சில ரோட் ஐலண்டிலிருந்து சென்றவை. நியூபோர்ட்டைச் சேர்ந்த தாமஸ் டியூ என்பவனும் அங்கே கொள்ளையடித்தவன்தான். காசு செங்கடல் கொள்ளையில் வந்தது என்பது நம்பத்தக்கது. யார் கையால் வந்தது என்பதைக் காசு சொல்லாது. 1693 என்ற ஆண்டு காட்டுவதெல்லாம், அதற்கு முன் அது மண்ணில் விழுந்திருக்க முடியாது என்பதைத்தான்.

காசு எந்த இடத்தில் கிடைத்தது என்ற பதிவு இல்லாவிட்டால் இந்த ஆய்வே நடந்திருக்காது. பழைய பொருட்கள் கடையில் இருந்திருந்தால் அது வெறும் ஏமன் காசு, அவ்வளவே. தேய்த்துப் பளபளப்பாக்குவதும் இடத்தை மறப்பதற்குச் சமமான இழப்பே. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளி வெட்டு காணப்படுகிறது. ஆய்வாளர்கள் இன்றும் விவாதிப்பது அந்த வெட்டைப் பற்றித்தான். வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் விபூதியோ புளியோ இட்டுத் தேய்த்தால், காசின் மேலுள்ள நுண்ணிய அடையாளங்கள் மங்கிவிடும்.

இந்தியாவில் இத்தகைய பொருள் கிடைத்தால் 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் இச்சட்டப்படி புதையல். அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், பொருளின் தன்மை, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்து மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையும், பங்கை இழக்கும் நிலையும் ஏற்படலாம். உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவிக்கப்பட்டால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நில உரிமையாளருக்குக் கால் பங்கும் சேரும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.

அரசே புதையலை எடுத்துக்கொள்ளவும் 1878-ம் ஆண்டுச் சட்டம் ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான தொகை, உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. அரிய காசுக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். கண்டெடுப்பவர்கள் தகவல் சொல்லத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.