சுமை விழுந்த இடம்



இரண்டு ஞாயிறுக்கு முன்னால் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி வழிமறித்தாள். "சார், கோயிலுக்கு வந்தா பாவம், பாவம்னுதான் கேக்கோம். சந்தோஷம் எங்க சார் இருக்கு?" என்றாள். வாசலில் நின்றபடி பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா அது? எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. நான் சரித்திர வாத்தியார். அதனால் ஒரு சரித்திரம் சொல்கிறேன். மற்ற மதத்துப் பிள்ளைகளும் படிக்கலாம். மனசு உறுத்துவது எல்லோருக்கும் பொதுதானே.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரத்துக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்று ஒரு கிராமம். 1628-ல் அங்கே ஜான் பனியன் பிறந்தார். அப்பா பானை சட்டிகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். மகனுக்கும் அதே தொழில். நம் தெருக்களில் முன்பு ஈயம் பூசுகிறவர் கூவிக்கொண்டு வருவாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு பனியனுக்குப் பக்தி வந்தது. கூடவே பயமும் வந்தது. கோயில் மணி அடிப்பது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அது வீண் ஆசை என்று மனசு குத்தவே விட்டுவிட்டார். ஆனாலும் மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போவார். ஒருநாள், மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று பயம் வந்தது. உத்தரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றார். அங்கேயும் பயம் விடவில்லை, வாசல்படிக்குப் போனார். கோபுரமே சரிந்தால்? ஓடியே போய்விட்டார். இதையெல்லாம் 1666-ல் எழுதிய தன் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் சொல்கிறார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. 1649-ல் அரசன் தலையையே வெட்டினார்கள். பாடப்புத்தகத்தில் அதுதான் இருக்கும். நானும் அதைத்தான் நடத்தினேன். பனியனின் வாழ்க்கையைத் திருப்பியது வேறொன்று. வேலை விஷயமாகப் பெட்ஃபோர்டு தெருவில் போகும்போது, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் ஒரு வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கள் பாவத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கடவுள் தங்களைத் தேடிவந்து ஏற்றுக்கொண்டதையும் பேசினார்கள். பேச்சில் பயம் இல்லை, ஆனந்தம் இருந்தது. பக்கத்தில் போய்க் காது கொடுத்த பனியனுக்கு, தான் பெரிய பக்தன் என்ற நினைப்பெல்லாம் போய்விட்டது. பாவத்தையும் சந்தோஷத்தையும் ஒரே வாயால் பேச முடியும் என்று அவருக்குக் காட்டியது எந்தப் பேராயரும் அல்ல, திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசிய அந்தப் பெண்கள்தான்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பல வருஷம் போராடினார். பிறகு தானே பிரசங்கியானார். அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் நடத்தியதற்காக 1660-ல் பிடித்தார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம். அவர் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் சிறை. வெளியே மனைவியும் பிள்ளைகளும். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. சிறையில் காலணிக் கயிறு செய்து விற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். 1672-ல்தான் விடுதலை.

1678-ல் அவருடைய 'மோட்சப் பிரயாணம்' வெளிவந்தது. முதுகில் பெரிய சுமையோடு ஒருவன் பரலோகத்துக்கு நடக்கிற கதை. சுமை என்பது பாவம். அந்தச் சுமை எங்கே விழுகிறது? பரலோக வாசலில் அல்ல. பயணத்தின் ஆரம்பத்திலேயே, சிலுவையைப் பார்த்ததும் தானாகக் கழன்று உருண்டு ஒரு கல்லறைக்குள் போய்விடுகிறது. அவன் அவிழ்க்கவும் இல்லை, கூலி கொடுக்கவும் இல்லை. சந்தோஷத்தில் மூன்று தரம் துள்ளிக் குதித்து, பாடிக்கொண்டே போகிறான். கஷ்ட மலை, மாயச் சந்தை, சந்தேகக் கோட்டை எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இந்தக் கதை நம் சீமைக்கும் வந்தது. கரையிருப்பில் 1827-ல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் அச்சேறியது. காப்பியத்துக்கு நடுவே தேவாரம் போலப் பாடல்களையும் வைத்தார். ஒட்டுப் போடுகிறவரின் எளிய உரைநடை, கம்பனைப் படித்த தமிழ் வாத்தியாரின் விருத்தமாயிற்று. இரண்டிலும் பயணி அழுகிறான், இரண்டிலும் பாடுகிறான்.

இனி என் கதை. முப்பது வருஷத்துக்கு முன்னால், பரீட்சைக் கட்டணப் பணம் காணவில்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை எல்லோர் முன்னிலையிலும் முழங்காலில் நிற்க வைத்தேன். அவன் எடுக்கவில்லை என்று அழுதான். மறுநாள் பணம் என் வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே இருந்தது. கட்டணத்தைக் கட்டிவிட்டேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் மானம் என்னாவது?

ஆண்டவரிடம் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் மட்டும் கேட்கவில்லை. காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மலைப்பிரசங்கப் பகுதி வந்தால், வேகமாகத் தாண்டிவிடுவேன். உறுத்தல் தானாகத் தேய்ந்துவிடும், சந்தோஷம் பிறகு வரும் என்று காத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்காகப் பனியனை மறுபடி எடுத்தபோதுதான், வரிசையையே நான் தலைகீழாக வைத்திருந்தது புரிந்தது. சுமை முதலில் விழுகிறது. மலை ஏறுவதற்குத் தெம்பு அங்கேயிருந்துதான் வருகிறது. எனக்கு எப்போதோ மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றால், அவனுக்குப் போன் செய்ய ஏன் பயப்பட வேண்டும்?

போன வியாழக்கிழமை கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மறக்கல சார்" என்றான். "அம்மா சாகுற வரைக்கும் இதச் சொல்லவே இல்ல." நான் அழுதுவிட்டேன். பிறகு அவனே, "ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க சார்" என்றான். அவன் சம்மதித்ததால்தான் இங்கே எழுதுகிறேன். அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அவன் திருடவில்லை. தப்பு என்னுடையது.

வாசலில் கேட்ட பிள்ளைக்கு என் பதில் இவ்வளவுதான் அம்மா. பாவம் என்ற பேச்சு பாதியில் நின்றால் பயம்தான் மிஞ்சும். மன்னிப்பு வரைக்கும் போனால் சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது. அதற்கப்புறமும் மலை உண்டு.

மூன்று தரம் துள்ளிக் குதிக்க என் முழங்கால் இடம் கொடுக்காது. அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர சார்