கொசுவுக்கு ஒரு கணக்கு

ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாக ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. அந்நோயின் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை, 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் கண்டார். 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சல் குறைந்தது.

ஆனாலும், எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியுமா என்று பலர் ஐயுற்றனர். நல்ல கேள்விதான். ராஸ் அதற்குக் கணக்குப் போட்டார். நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்புவதில்லை. கிருமி முதிரப் பத்து நாள் போல ஆகும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் மடிந்துவிடும். தப்பியது இன்னொருவரைக் கடித்தால்தான் நோய் தொற்றும். ஆகவே கொசுக்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், பத்து நோயாளிகளிடமிருந்து எட்டுப் பேருக்குத் தொற்றும்; அந்த எட்டுப் பேரிடமிருந்து ஆறு பேருக்கு; இப்படியே நோய் தேய்ந்து மறையும். எல்லாக் கொசுவும் சாக வேண்டியதில்லை! இதை 1911இல் ராஸ் நூலில் விளக்கினார்.

ஊர் ஊராக வெட்டிப் பார்த்து அறிவதென்றால், அதுவரை பிள்ளைகளின் உயிர் காத்திருக்குமா? மழையையும் வெயிலையும் சேர்த்தால் கணக்கு மலைபோல் பெருகும். அதனால்தான் இன்று அதைப் படிப்படியான கட்டளைகளாக எழுதிக் கணினியிடம் கொடுக்கிறார்கள். குட்டையில் அகப்பையை விட்டுக் கொசுப்புழுவை எண்ணித் தருவது மட்டும் இன்னமும் மனிதர்தான்.