துண்டும் சீ.வி.யும்

போன மாசம் பதுளையில ஒரு கொமினிகேஷன்ல உட்கார்ந்து கொழும்பு கம்பெனி ஒன்றுக்கு சீ.வி. அனுப்பினேன். பஸ் ஏறி தெமோதரைக்கு வந்து சேர முன்னமே "மன்னிக்கவும்" என்று பதில் வந்திருச்சு. அவ்வளவு நேரத்துல ஒரு மனுஷன் அதை வாசிச்சிருக்க மாட்டான். மெஷின்தான் வாசிச்சிருக்கும்.

வரலாறு படிக்கிற எனக்கு உடனே ஞாபகம் வந்தது 'துண்டு'. நம்ம பூட்டன் காலத்துல ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் துரை எழுதிக் கொடுக்கும் இந்தத் தாள் வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், கடன் இவ்வளவு, குறித்த நாளுக்குள் கட்டினால் விடுவிக்கிறேன். இவ்வளவுதான் அதில் இருக்கும். புதுத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார். அந்தக் கடன் அவர்கள் தலையில் கூடவே வரும். ஒருத்தி எத்தனை றாத்தல் கொழுந்து எடுப்பாள், ஒருவன் கவ்வாத்து வெட்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. ஆளை எடைபோட்டது கடன்தான். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். பதுளைக்கு ரயில் வந்தது அதற்கும் பிறகு, 1924இல்!

தாள் போனாலும் சல்லடை போகவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. தொடர்ந்து இங்கேயே வாழ்ந்ததைத் தாளில் நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவர்களிடம் எந்தத் தாள் இருக்கும்? செக்ரோலில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி பெயர். இன்றைக்கும் எங்க வீட்டில அப்பாவின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டல்ல கிடக்கு.

சரி, மெஷினுக்கு வருவோம். 2021இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி வெளியிட்ட ஆய்வில், தகுதியுள்ளவர்களையும் இந்த சொஃப்ட்வெயார் கழித்துவிடுகிறது என்று பெரும்பாலான முதலாளிமாரே ஒத்துக்கொண்டார்கள். விளம்பரத்தில் கேட்டது அப்படியே பொருந்தாததுதான் காரணமாம்.

என் சீ.வி.யை கொப்பி பண்ணி நோட்பேட்ல போட்டுப் பார்த்தேன். ஐயோ! அழகுக்காக இரண்டு பத்தியா பிரிச்ச டெம்ப்ளேட். என் படிப்பும் விலாசமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைஞ்சு கிடந்தது. மேல் ஓரத்து ஹெடர்ல போட்ட போன் நம்பரைக் காணவே காணோம். நீங்களும் இந்தச் சோதனையைச் செஞ்சு பாருங்க, ஐந்து நிமிஷம் போதும். இப்போ ஒற்றைப் பத்தி, பெட்டியும் படமும் இல்லை, 'கல்வி', 'அனுபவம்' என்று சாதாரணத் தலைப்புகள், மாதமும் வருடமும் ஒரே மாதிரி. பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி.

சொல்லும் முக்கியம். கோயில் கமிட்டிக் கணக்கை இரண்டு வருஷம் எக்செல்ல போட்டதை 'சமூக சேவை' என்று எழுதியிருந்தேன். விளம்பரம் கேட்டது 'டேட்டா என்ட்ரி'. செய்த வேலைதானே, அந்தச் சொல்லிலேயே எழுதினேன். செய்யாததை எழுதவில்லை, நேர்முகத்தில் எதிரே மனுஷன்தான் இருப்பான்.

துண்டை எழுதினது துரை. இதை நான் எழுதுறேன். நேற்று இரவு திரும்ப அனுப்பியாச்சு. இதுவரைக்கும் "மன்னிக்கவும்" வரல.